பார்ப்பவர்கள் இரண்டு

நாரின் நகரில் நாங்கள் வைத்த சேமிப்புக் கணினி, தலைநகர் பிஷ்கெக்கின் தலைமைக் கணினியைக் கேட்காமலே அன்று ஊரார் கேட்ட காணொளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தானே கொடுத்தது.

"குதிரைமேல ஆடுற கோக்-போரு ஆட்டம் ஒரு தடவைகூட நின்னு சுத்தலண்ணே!" என்னோடு வேலை பார்க்கும் ஜில்திஸ் குதித்தாள். "இன்னிக்கு குதிரைப்பால் குமிஸ் உங்க செலவு!"

ஒரு நாள் முழுக்க யாரும் பார்க்காத காணொளியை அந்தக் கணினி தானே அழித்துவிடும். ஏழு மாதமாக ஒன்று மட்டும் அழியவில்லை. இறந்து நாரினில் அடக்கம் செய்யப்பட்ட என் மனைவி அய்பெரி, மூன்று தந்திக் கொமுஸ் வாசிக்கும் காணொளி அது. பார்க்கத் தாங்காமல், பிஷ்கெக்கிலிருந்த மூலத்தை நானே நீக்கியிருந்தேன். இது ஒன்றுதான் மிச்சம்.

"இத யாரு தினமும் பாக்குறா?"

பதிவைத் திறந்த ஜில்திஸின் சிரிப்பு நின்றது. "அண்ணியோட கணக்குண்ணே. நாரின்லேர்ந்துதான். அழிச்சிடவா?"

"கைய எடு!"

அதை ஓடவிட்டேன். 'இப்போது பார்ப்பவர்கள்: இரண்டு' என்று திரை காட்டியது.