நாலு எலுமிச்சம்பழம்

கோயம்புத்தூர் ட்ராக்கில் போன தடவை அரை நொடியில் ரேஸைக் கோட்டைவிட்டதிலிருந்து, காரின் எடையைக் குறைப்பதே தேன்மொழிக்கு வேலையாகிவிட்டது. வண்ணார்பேட்டைப் பட்டறையில் பின்சீட், ஏசி, ஸ்டெப்னி என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. புது டர்போ ஏறியது.

"இன்னும் கொறைக்கலாமா அண்ணாச்சி?"

"இனி ஒன்னயத்தான் தங்கச்சி கழத்தணும்," என்றார் மெக்கானிக் சங்கிலிபூதத்தான்.

கிளம்புகிற நாளில் சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"பைய எடு தாயி."

கார் அலுங்காமல் நகர்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். நாலு பழமும் முழுசாகக் கிடந்தன.

"ஒண்ணுகூட நசுங்கலயே!"

"அப்பம் எடை கொறஞ்சிட்டு அண்ணாச்சி!"

பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினாள். பழங்கள் அப்படியே இருந்தன. சங்கிலிபூதத்தான் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். தோல் பிளந்து சாறு கையில் வழிந்தது. நல்ல பழம்தான்.

பட்டறையே கைதட்டியது. தேன்மொழி சந்தோஷம் தாங்காமல் காரிலிருந்து குதித்து ஓடிவந்தாள். வந்த வேகத்தில் ஒரு பழத்தை மிதித்துவிட்டாள்.

அது நசுங்கவில்லை. உருளவும் இல்லை. அதன்மேல் ஒற்றைக் காலில் நின்றபடியே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.