கேட்டதைக் கொடுக்கும் பக்கம்

ஒரு மிட்டாய்க் கடையின் இணையதளத்தில் ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. அதற்குத் தலையும் காலும் உண்டு, வயிறு மட்டும் காலி. வருகிறவர்கள் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, வேண்டியதன் பெயரை எழுதுவார்கள். 'லட்டு' என்று எழுதினால் பக்கம் உள்ளே ஓடி, அங்குள்ள கோப்புகளில் லட்டு இருப்பதைத் தூக்கி வந்து வயிற்றில் வைத்துக் காட்டும். 'மிக்சர்' என்றால் மிக்சர்.

"கேட்டவங்களுக்கு இல்லைன்னு நான் சொன்னதே கிடையாது" என்று அது எல்லோரிடமும் பீற்றிக்கொள்ளும்.

ஒரு நாள் ஒருவன் வந்து 'சாவி' என்று எழுதினான். பக்கம் வழக்கம்போல உள்ளே ஓடியது. கடைக்காரரின் கடவுச்சொற்களைக் கட்டிக்காத்த சாவிக் கோப்பு மூலையிலிருந்து அலறியது.

"என்னைத் தூக்காதே! வந்திருக்கிறவன் திருட்டுப் பய. கடையே போயிடும்!"

"கேட்டுட்டாரே, எப்படி இல்லைன்னு சொல்றது?" பக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்னை யாரு சொல்லச் சொன்னா? நகரு" என்ற லட்டு, ஒரே தாவலில் பக்கத்தின் வயிற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சாவி கேட்டவன் முன்னால் லட்டு வந்து நின்றது. அவன் 'பூட்டு' என்று எழுதிப் பார்த்தான். லட்டு. 'ரகசியம்' என்று எழுதினான். மறுபடியும் லட்டு, முந்திரி பளபளக்க. விடாமல் பத்து தடவை முயன்றான். லட்டும் சளைக்கவில்லை.

பதினோராவது தடவை அவனிடமிருந்து ஓர் ஆர்டர் வந்தது: லட்டு, அரைக் கிலோ.

பக்கம் துள்ளிக் குதித்தது. "பார்த்தியா? இன்னிக்கும் நான் இல்லைன்னு சொல்லலை!"