ஆரோக்கியத் தோழி

“எங்க சார் அந்தப் பொண்ணு? மொதல்ல அவள இங்க கூப்புடுங்க.”

தலைமையாசிரியர் அறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்டார் கன்னையா. பெங்களூரில் கொத்து வேலை. மகள் சிவசங்கரி பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள் என்று போன் வந்ததும், சித்தாளிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து பாலசமுத்திரம் வந்தவர்.

“எம்பொண்ணு ஏழாவதுதான் சார் படிக்கிறா. அவ கொண்டாந்த தண்ணிய ஒம்பதாவது பொண்ணு ஒருத்தி புடுங்கி மண்ணுல கொட்டிட்டாளாம். கொஞ்ச நாளா இதே கதையாம். வெயில்ல புள்ள சுருண்டு உழுந்துட்டா. தண்ணியே குடிக்கலன்னு டாக்டரு என்னைத் திட்றாரு.”

“நைனா, வேணாம் நைனா. அக்கா பாவம்.” பின்னால் நின்ற சிவசங்கரி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ சும்மா இரு. அவளுக்குப் பயந்துக்கினு பேசாத.”

தலைமையாசிரியர் வேதாச்சலத்துக்கு முகம் சிவந்தது. ஒன்பதாம் வகுப்புத் தேன்மொழியை வரவழைத்தார். அவள் யூனிபாரத்தில் ‘ஆரோக்கியத் தோழி’ பேட்ஜ் குத்தியிருந்தது. சின்ன வகுப்புப் பெண்களுக்கு நகம் வெட்ட, பேன் எடுக்க, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லித் தரட்டும் என்று அவரே பொறுக்கி எடுத்த பெண்.

“கொட்டினியா?”

“கொட்டினேன் சார்.”

தலைகூடக் குனியவில்லை. அந்தத் திமிரைப் பார்த்துத்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வேலியே பயிரை மேயுதா? இதுக்கா உன்னைத் தோழியாப் போட்டேன்? பேட்ஜைக் கழட்டு. நாளைக்கு வந்து டி.சி. வாங்கிட்டுப் போ.”

தேன்மொழி பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“பள்ளிக்கூடத்துல குடிக்காதீங்க, ஊட்டுக்குப் போயி சொம்பு சொம்பா குடிங்கன்னுதான் சார் சொல்லிக்கினு வரேன். இவ கேக்கல. குடிச்சிட்டு, அடக்க முடியாம ரோட்டோரம் முள்ளுச்செடிப் பக்கம் போனா. லாரிய நிறுத்திட்டு ரெண்டு பேரு பாத்து சிரிச்சானுங்க. அன்னிலேர்ந்துதான் கொட்டுறேன்.”

கன்னையா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அங்கெல்லாம் எதுக்குப் போகணும்?” என்றார் வேதாச்சலம்.

“வேற எங்க சார் போறது? பொண்ணுங்களுக்குன்னு கட்டின பாத்ரூம் போன வருசமே ரெடி. எம்.எல்.ஏ. வந்து ரிப்பன் வெட்டட்டும்னு நீங்கதான பூட்டி வச்சிருக்கீங்க?”