ஒடெஸாவின் ஒரு நிமிடம்

"டிவிக்காரங்க எந்தப் பக்கம் நிப்பாங்க?" மூன்றாவது தடவையாகக் கேட்டாள் ஒடெஸா. கேட்டுக்கொண்டே கைக்கண்ணாடியைப் பார்த்து உதட்டுச்சாயத்தைச் சரிசெய்தாள்.

லாமாருக்கு எரிச்சல் வந்தது. எங்கள் தேவாலயத்தின் பின்கூடத்தில் வருடாவருடம் பிப்ரவரியில் கறுப்பர் வரலாற்று மாதக் கலைவிழாவை நடத்துகிறவன் அவன்தான். அடிமைக் காலத்துப் பெண்ணாக மேடையேற வேண்டியவள் கல்யாண வீட்டுக்குப் போகிறவளைப் போல வந்து நின்றால் என்ன செய்வான்?

"சிஸ்டர், நீங்க பருத்திக் காட்டுல பாடுபட்ட பொம்பளை. மொதல்ல உதட்டைத் துடைங்க."

"துடைச்சிடறேன் தம்பி. மூஞ்சி தெளிவாத் தெரியணுமேன்னு பாத்தேன். இது அட்லாண்டா வரைக்கும் தெரியுமா?"

"ஜார்ஜியா முழுக்கத் தெரியும். வெளியூர்க்காரங்க போன்லயும் பாக்கலாம்."

"அப்ப சரி" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பாடகர் குழுவின் ஜெனீவா சாப்பாட்டு மேசையில் கோழி வறுவலை மூடி வைத்துக்கொண்டிருந்தாள். வம்பென்றால் அவளுக்கு விடவே மனசு வராது. "அம்மணி சினிமாவுல சேரப் போறாங்க போல. நாளையிலேருந்து நம்மகூட உக்காந்து சாப்பிடுவாங்களான்னு கேட்டுக்கோங்க."

கூடமே சிரித்தது. ஒடெஸாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். ஊருக்குப் புதியவள், ஓட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் வேலை. ஞாயிறு தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அதற்குமேல் அவளைப்பற்றி எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை.

விழாவின் முக்கிய நிகழ்ச்சி தேடல் விளம்பரங்கள். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, விற்கப்பட்டுப் பிரிந்துபோன அம்மாவையும் பிள்ளையையும் தேடி எங்கள் முன்னோர் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். பாஸ்டர்கள் அவற்றைச் சபையில் வாசிப்பார்கள். நூற்றைம்பது வருடம் கழித்து, அந்தக் காலத்து உடையைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு விளம்பரமாக நாங்கள் மேடையில் சொல்கிறோம். அழாமல் வீடு திரும்புகிறவர்கள் குறைவு.

"ஒத்திகையில ஒரு வாட்டிகூட நீங்க வாயைத் திறக்கல" என்றான் லாமார். "எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்குக் குடுத்ததை ஜெனீவா சொல்லட்டும்."

ஒடெஸாவின் முகம் செத்துப்போயிற்று. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, வேற என்ன வேணாலும் செய். அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் எங்கிட்டேருந்து புடுங்கிடாத. நான் கேமரா முன்னாடி நிக்கணும்."

"கேமரா மேல அப்படி என்ன ஆசை உங்களுக்கு?"

 அவள் கையை விடவில்லை. பேர் வாங்கும் ஆசை யாரைத்தான் விட்டது என்று நினைத்துக்கொண்டு, போனால் போகிறதென்று ஒப்புக்கொண்டான் லாமார்.

விளக்கு அணைந்தது. முதலில் ஒரு பெரியவர் ஏறினார். "என் தாய் ஹானாவைத் தேடுகிறேன். எங்கள் எசமான் பிரிக்ஸ் அவளை மிசிசிப்பி வியாபாரியிடம் விற்றுவிட்டார். உயரமானவள், நன்றாகப் பாடுவாள்." கூட்டம் "கர்த்தாவே" என்று முனகியது. இன்னும் சிலர் ஏறி இறங்கினார்கள். கடைசியாக ஒடெஸா.

கையில் தாள் இல்லை. கூட்டத்தை அவள் பார்க்கவேயில்லை, கேமராவை மட்டும் பார்த்தாள்.

"என் மக ரூத்தத் தேடுறேன். பிரியறப்ப நாலு வயசு. இடது முழங்கையில இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருக்கும். நான் துணி வெளுக்கற வேலைக்குப் போயிருந்தப்ப வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் கோர்ட்டுப் படிக்கட்டுல ஒரே ஒரு தடவை பாத்தேன். என் பாவாடையை இறுக்கிப் பிடிச்சிருந்தா. ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தாங்க."

 கேமராவை நோக்கி ஓரடி முன்னால் வந்து தொடர்ந்தாள்.

"கூட்டிட்டுப் போனவங்க பேரை மாத்தியிருப்பாங்க. ரூத்து, அம்மா உன்னை யாருக்கும் குடுக்கலடி. அவங்களா எடுத்துக்கிட்டாங்க. எங்க இருந்தாலும் இந்தத் தேவாலயத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. அது போதும்."

 ஜெனீவா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒடெஸா வணங்கவில்லை, நன்றி சொல்லவில்லை. கேமராவின் சிவப்பு விளக்கு அணைகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேடைக்குப் பின்னால் லாமார் அவளை அப்படியே கட்டிக்கொண்டான். அவன் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

"கொன்னுட்டீங்க சிஸ்டர். உங்களைப் போய்த் தப்பா நெனச்சேனே. நான் குடுத்தது வேற ஒண்ணு, பரவாயில்ல, இதுதான் நல்லாருக்கு. எசமான் பேரை மட்டும் விட்டுட்டீங்க. எந்த வருஷத்துப் பேப்பர்ல இருந்து எடுத்தீங்க? பழைய பேப்பர் எல்லாத்தையும் நான் அலசியிருக்கேன், இது என் கண்ணுல படவேயில்லையே."

ஒடெஸா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"பேப்பர்ல வந்தது இல்ல தம்பி. கவர்மெண்ட்டு ஆளுங்க தூக்கிட்டுப் போயி யாருக்கோ தத்து குடுத்துட்டாங்க. என் ரூத்துக்கு இப்ப இருபது வயசு."