கூடத்தில் கறுப்புக் கண்ணாடி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி, எங்கள் மகள், என் தங்கை, மகள் விரும்பிய லிப்ட் மெக்கானிக். வேறு யாரும் இல்லை.

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஐயா, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. தினமும் மாத்திரை போடுறேன். இப்போ ரத்தப் பரிசோதனையில வைரஸே தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு. மறைச்சுக் கட்டிக்க இஷ்டமில்லை" என்றார் மெக்கானிக்.

மகள் என்னையே பார்த்தாள். தங்கை துள்ளி எழுந்தாள்.

"அண்ணே, நம்ம குடும்பத்துல யாருக்காவது இந்த வியாதி உண்டா? மானம் கப்பலேறிடும்!"

"நீ உக்காரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு மெக்கானிக் பக்கம் திரும்பினேன். "தம்பி, கண் டாக்டர்கிட்ட ஒழுங்காக் காட்டுறீங்களா?"

"கண்ணா? நல்லாத்தானே இருக்குங்க."

"நல்லா இருக்கும்போதே காட்டணும். கண் சிவந்து வெளிச்சம் கூசினா, கடையில சொட்டு மருந்து வாங்கி ஊத்திக்கிட்டு வீறாப்பா உக்காந்திருக்கக் கூடாது."

"சொல்றது யாரு பாரு!" என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம்" என்றேன். மகள் குதித்த குதியில் காபி டம்ளர்கள் உருண்டன.

மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நான் கண்ணாடி போட்டிருந்தேன் என்று தங்கை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளாம். தவறு. என் கண்ணுக்குள் அழற்சி. ஜன்னல் வெளிச்சமே ஊசியாய்க் குத்தியது. எனக்கும் எச்.ஐ.வி. வந்து பல வருடங்களாகின்றன; அது கண்ணையும் தாக்கக்கூடியது. எங்கள் குடும்பத்தில், மாத்திரையைத் தவறவிடுகிறவனுக்குத்தான் பெண் கொடுப்பதில்லை.