கடைசிக் காட்சியின் அழுகை

இசைமேதை பிரபஞ்சநாதன் தமது ஓபராவின் கடைசிக் காட்சியை, தாயைப் பறிகொடுத்த மகளின் அழுகையை, நாள்கணக்கில் பதிவுசெய்துகொண்டிருந்தார். பாடகி யாழரசி எப்படி அழுதாலும், "பொய்ம்மா. நாடகக்காரி அழுகை. இதுல மானுட துக்கம் எங்கே?" என்று கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் அவள், ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அம்மா போய்விட்டதாகவே நினைத்துக் கதறினாள். மேதை எழுந்து நின்றுவிட்டார். "இதுதான்! இனிமே உலகத்துல யாரும் இப்படி அழ முடியாது!"

அவர் வாக்குப் பலித்தது.

ஓபரா வெளியான மாதமே அம்மா இறந்துபோனாள். நிலவில் வேலை பார்க்கும் தம்பி அறவாழியால் வர முடியவில்லை, இறுதிச் சடங்கை நேரலையில்தான் பார்த்தான். அம்மாவைத் தூக்கும்போது யாழரசி கதறினாள். நேரலையில் அவள் குரல் மட்டும் அறுந்துபோனது. 'காப்புரிமை: இந்த அழுகை ஓபரா நிறுவனத்துக்குச் சொந்தமானது' என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது.

"அக்கா, வாயைத் திறக்குறே, சத்தமே வரலை," என்றான் தம்பி. "எனக்குக் கேக்கணும்க்கா. இங்கே தனியா உக்காந்து அழ முடியலை."

மறுபடி அழுதாள். மறுபடி அறுந்தது. உண்மையாக அழுதால் அவளுக்கு அந்தப் பதிவில் இருந்தபடியேதான் வந்தது.

யாழரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேதை ஒதுக்கித் தள்ளிய அந்த நாடகக்காரி அழுகையை நினைவுபடுத்தி, மார்பில் அடித்துக்கொண்டு, பொய்யாக அழத் தொடங்கினாள்.

"இப்பக் கேக்குதுக்கா," என்று தம்பி தேம்பினான். "நிறுத்திடாதே."