மிச்சக் குரல்

வெட்ட வேண்டியது ஒரே ஒரு சொல்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை ஓடவிட்டாள். பின்னால் குக்கர் சத்தம். அதற்கு முன்னால் அவன்.

"என்னத்தப் பேச? பேசிட்டேன், போதும்லா? வேல முடிஞ்சதும் அழிச்சிரு."

கணவனின் குரல் இந்த உலகத்தில் இவ்வளவுதான் மிச்சம்.

மற்றதையெல்லாம் அவள்தான் அழித்தாள்.

அவன் டைப் செய்ய மாட்டான். சோம்பேறி. எதுவானாலும் வாய்ஸ் மெசேஜ்தான். தக்காளி வாங்கவா என்று ஒன்று, நாட்டுத் தக்காளியா என்று இன்னொன்று. போன் நிரம்பிவிட்டது என்று அடிக்கடி அவளிடம் நீட்டுவான். குப்பைத்தொட்டி மாதிரி வைத்திருக்கிறாய் என்று திட்டிக்கொண்டே அவள் ஒவ்வொன்றாக நீக்குவாள்.

செய்த வேலையையே திரும்பத் திரும்பக் கையால் செய்ய அவளுக்குப் பிடிக்காது. புரோகிராமர் புத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். ஒரு மாதத்துக்கு முந்திய படம், வீடியோ, குரல் எல்லாவற்றையும் அது தானாகவே நீக்கிவிடும். இணையத்தில் சேமித்த நகலையும் விடாது. அரைகுறை வேலையும் அவளுக்குப் பிடிக்காது.

சோதித்துப் பார்க்க ஒரு குரல் தேவைப்பட்டது. ஏதாவது பேசு என்று லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

அப்படி வந்ததுதான் இந்த ஒன்று. சோதனைக் கோப்புகளோடு லேப்டாப்பில் கிடந்ததால் தப்பியது.

அந்தப் புரோகிராமை அவன் போனில் போட்டாள். தன் போனில் போட்டாள். பொங்கலுக்குச் சங்கரன்கோவில் போனபோது அத்தையின் போனிலும் போட்டாள். காலை வணக்கப் படங்களால் திணறிக்கொண்டிருந்த போன் அது. மருமகள் கைபட்டதும் போன் பறக்கிறது என்று அத்தை தெருவெல்லாம் சொன்னார்.

ஆடியில் அவன் போனான்.

பைபாஸில் ஒரு லாரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோதும் அவனுடைய கடைசி மாதக் குரல்களில் பாதி போனில் இருந்தன. கேட்கத் தைரியம் வரவில்லை. இருக்கட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

யார் இருக்கிறார், யார் போனார் என்றெல்லாம் புரோகிராமுக்குத் தெரியாது. தினமும் காலையில் அன்றைக்கு உரியதை நீக்கியது. நீக்கிவிட்டு, 'உங்கள் போன் சுத்தம்' என்று ஒரு சிரிப்புப் படத்தோடு சொன்னது. அந்த வாக்கியமும் அவள் எழுதியதுதான். வருகிற அறிவிப்பையெல்லாம் படிக்காமலே தள்ளிவிடுகிற விரல் இதையும் தள்ளிவிட்டது.

அவள் துணிந்து கேட்க உட்கார்ந்த நாளில் ஒன்றுமே இல்லை.

டிவிடியில் இருந்த கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். நாதஸ்வரம் கேட்டது. அவன் வாய் மட்டும் அசைந்தது.

பிறகு தான் எழுதியதை வரிவரியாகப் படித்தாள். எங்காவது ஒரு பிழை இருக்காதா, எதையாவது அது விட்டிருக்காதா என்று. தன் வேலையில் தப்பு இருக்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஒரு பிழையும் இல்லை.

அத்தையின் போனிலும் எல்லாம் போயிருந்தது. ஏன் போனது என்று அத்தைக்குத் தெரியாது. தானே எதையோ தப்பாக அமுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். பெற்ற பிள்ளையின் குரலைத் தொலைத்துவிட்டேனே என்று தினமும் அழைத்து அழுகிறார். நீ கம்ப்யூட்டர் படித்தவள், எப்படியாவது ஒன்றே ஒன்று எடுத்துக் கொடு என்கிறார்.

ஒவ்வொரு நாளும் அவள் சொல்லிவிட வாயெடுப்பாள். சாப்பிட்டீர்களா அத்தை என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

இப்போது அந்தக் கடைசிச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாள். அழிச்சிரு என்று மகன் சொல்வதை எந்தத் தாய் கேட்பாள்?

வெட்டினாள்.

அதற்கு மேல் வெட்ட மனம் வரவில்லை. குக்கர் சத்தம்கூட இருக்கட்டும் என்று விட்டாள்.

அனுப்பினாள். நீல டிக் விழுந்தது.

பிறகு அத்தையின் குரல் வந்தது. நன்றாக அழுது முடித்த குரல். அதில் இத்தனை நாள் இல்லாத ஒரு தெம்பு.

"வேல முடிஞ்சதும் வாரேன்னு சொல்ல வந்திருக்கான். அதுக்குள்ள நின்னு போச்சு. மிச்சத்தையும் அனுப்பு தாயி."

வெட்டிய சொல் இன்னும் திரையில் தனியாகக் கிடந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அத்தையின் எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.